உள்ளூரில் காட்டாத ஆட்டம்

எனக்குப் பள்ளிக்கூடம் ஏறவில்லை. பதினாறு வயதில் புத்தகப்பையைக் கழற்றி வைத்தவள், பிறகு அதைத் தொடவே இல்லை. இன்றைக்கு என்னிடம் இருபத்தாறு பேர் வேலை செய்கிறார்கள். மொன்ட்ரியால் தீவின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பதினொரு கட்டடங்களை என் ஆட்கள்தான் துடைத்துக் கழுவுகிறார்கள். என் அப்பா வயதுக்காரரும் என்னைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தக் கட்டடம் என்ற அட்டவணையை நானே பென்சிலால் போடுவேன். பட்டம் பெற்ற பெடியன் ஒருவன் அதைக் கணினியில் ஏற்றித் தருகிறேன் என்று வந்தான். இரண்டாம் கிழமையே எட்டுப் பேரை ஒரே கட்டடத்துக்கு அனுப்பிவிட்டு நின்றான். நான் அவனை அவன் வீட்டுக்கு அனுப்பினேன். அட்டவணை படிப்பால் வருவதில்லை. எனக்கு அது பத்து வயதிலேயே கைவந்தது. கைவந்த அதே வருடம், அதே அட்டவணையால் எங்கள் வீட்டின்மேல் இடியையும் இறக்கினேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. நகரின் வடக்கே வில்லரே என்ற பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்தோம். வெளியே இரும்புப் படி வளைந்து வளைந்து ஏறும். அப்பாவுக்கு டயர் மாற்றும் கராஜ் ஒன்றில் வேலை. அங்கே எல்லோரும் வெள்ளைக்காரர். திங்கட்கிழமை காலையில் அவர்களுக்குப் புட்போலைத் தவிர வேறு கதை கிடையாது. எங்கள் ஊர் உதைபந்து இல்லை. முட்டை போன்ற பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓட, நாலு பேர் அவன்மேல் விழுந்து அமுக்குவார்களே, அது. முதல் குளிர்காலம் முழுக்க அப்பா அங்கே ஊமையாக நின்றாராம். பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போய், திங்கட்கிழமை இரண்டு பெயரைச் சொல்லித் தலையை ஆட்டினார். கோப்பி வாங்கிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவர் புட்போல்காரர்.

அப்பாவுக்குப் பிரெஞ்சு வாசிக்க வராது. சனிக்கிழமைப் பத்திரிகையோடு வரும் ரீவித் தாள் அதனால் என் கைக்கு வந்தது. எந்த ஆட்டம், எந்தச் சனல், எத்தனை மணி என்று சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, கோயில் கலண்டரில் தமிழில் எழுதி வைப்பேன். கோடையில் அது சின்ன வேலை. ஒக்ரோபர் முடிய, கடைசிக் கிழமைகளில்தான் தலையிடி. இவன் வென்றால் அவன் வெளியே, அவன் தோற்றால் மற்றவன் உள்ளே. நல்ல ஆட்டத்தை நல்ல நேரத்தில் போட வேண்டுமென்று ரீவிக்காரரும் மணியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். எல்லாவற்றையும் நான் மனதில் வைத்திருந்தேன். அந்த வருடம் எங்கள் நகர அணி கடைசி ஆட்டத்தில் வென்றால் முதலிடம். முதலிடம் என்றால் ஒரு கிழமை ஓய்வு, அதற்கடுத்த கிழமை பிரிவின் இறுதியாட்டம் இங்கேயே நடக்கும்.

அந்த நாளில் ஒரு விசித்திரமான சட்டம் இருந்தது. மைதானத்தில் எல்லா ரிக்கற்றும் விற்றால்தான் அந்த ஆட்டத்தை அந்த நகரத்தின் ரீவியில் காட்டுவார்கள். நாடு முழுக்கப் பார்க்கும், மைதானத்துக்குப் பத்து மெட்ரோ நிறுத்தம் தள்ளி இருக்கிற நாங்கள் பார்க்க முடியாது. எங்களுக்கு அந்த நேரத்தில் யாரோ ஒருவர் குளத்தில் தூண்டில் போடுவதைக் காட்டுவார்கள்.

எங்களோடு மாமா இருந்தார், அம்மாவின் தம்பி. மன்னாரிலிருந்து வந்து நாலு வருடம். தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், பயிர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்கு வேலை என்று அம்மா கோயிலில் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். விடிய ஐந்து மணிக்கு பஸ் பிடிப்பார். சில ஞாயிறுகளிலும் டியூட்டி. பனிக்குள் முளைக்கிற உருளைக்கிழங்கை மாமா கண்டுபிடிக்கிறார் என்று நான் வகுப்பில் சொல்லி வைத்திருந்தேன். அது நானாகச் சேர்த்தது.

மாமாவுக்கு முப்பத்திரண்டு வயது. நாலு சம்பந்தம் வந்து வந்து கலைந்துபோனது. ஐந்தாவதாக மொன்ட்ரியால்-நோரிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பம் ஓம் என்றது. மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்க வருகிறோம், நாள் சொல்லுங்கள் என்றார்கள். இதுவும் கலைந்தால் தம்பி தனிமரம்தான் என்று அம்மா செபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தார்.

அப்படியிருந்த அம்மா, புட்போல் பக்கம் தலையே திருப்பாத அம்மா, ஒரு நாள் என்னிடம் வந்தார்.

"அந்தக் கடைசி மட்ச் எங்கை நடக்குது பிள்ளை?"

"இங்கைதான் அம்மா. வாற ஞாயிறு, ஒரு மணிக்கு."

"ரீவியிலை காட்டுவாங்களோ?"

"உள்ளூரிலை காட்டமாட்டாங்கள். மீன்பிடிதான் போட்டிருக்கு."

"வடிவாப் பாத்துச் சொல்லு."

மூன்று தரம் கேட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. என் தாளில் பிழை வருமா? மூன்றாம் தரம் நான் சத்தியம் பண்ணினேன். அம்மா உடனே தொலைபேசியை எடுத்து அந்த ஞாயிற்றுக்கிழமையையே பெண்வீட்டாருக்குச் சொன்னார். மற்றவர்கள் பஞ்சாங்கம் பார்த்து நாள் வைப்பார்கள், சுவாமியாரைக் கேட்டு வைப்பார்கள். என் அம்மா என் புட்போல் தாளைப் பார்த்து வைத்தார். எனக்கு ஓர் அங்குலம் உயர்ந்ததுபோல் இருந்தது.

மாமாதான் குழம்பினார். "ஏன் அக்கா, நான் நிக்காத நாளாப் பாத்து வைச்சனீங்கள்?"

"நீ வாய் திறந்தா காரியம் கெட்டுப்போகும். உன்ரை படம் குடுத்திருக்கு, அது காணும்."

ஞாயிறு பூசை முடிந்து வந்தார்கள், தகப்பன், தாய், பெண். பெண் கூட வருவது எங்கள் வழக்கமில்லை. ஆனால் அவ இங்கே வளர்ந்தவ, சின்னப்பிள்ளைகளைப் பார்க்கும் கார்ட்ரீ ஒன்றில் வேலை செய்தா. "நான் வராமல் என்னத்தை வீடு பாக்கிறது?" என்று கேட்டாவாம். வந்து, கதிரையின் நுனியில் இருந்து, தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தா. அம்மா இடியப்பமும் ஆட்டிறைச்சியும் தேங்காய்ப்பால் சொதியும் கட்லட்டும் பரப்பியிருந்தார்.

தகப்பன் மேலங்கியைக் கழற்ற முதலே அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"தம்பி, ரீவியைப் போடும். எல்லா ரிக்கற்றும் வித்துப்போச்சாம். காட்டுறாங்கள். காருக்குள்ளை ரேடியோவிலை சொன்னவன்."

நான் ரீவித் தாளைத் தூக்கிக் காட்டினேன். "இல்லை, மீன்பிடிதான்" என்றேன். அப்பா ரீவியைப் போட்டார். மீனும் இல்லை, குளமும் இல்லை. மலைச்சரிவில் இருக்கிற எங்கள் மைதானம் நிரம்பி வழிந்தது. என் சிவப்பு வட்டம் முதல்முறையாகப் பொய்யானது.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் இரத்தம் இல்லை. ஒரு தாள் பிழையானதற்கு இவ்வளவா என்று எனக்குப் பயமாகப் போய்விட்டது.

"சாப்பிடேக்கை ரீவி வேண்டாம். நிப்பாட்டுங்கோ" என்றார்.

"சத்தத்தைக் குறைச்சுவிடுங்கோ தங்கச்சி, ஒரு கண் அதிலை கிடக்கட்டும்" என்றார் தகப்பன். விருந்தாளி சொன்னால் பிறகு என்ன?

அம்மா சொதிச் சட்டியோடு வந்து ரீவிக்கு முன்னால் நின்றார். ஊற்றினார். போனார். திரும்பவும் சொதியோடு வந்து நின்றார். தகப்பனின் இடியப்பம் சொதியில் மிதந்தது.

"அம்மா, மறைக்கிறீங்கள்" என்றேன்.

தகப்பன் சிரித்தார். "பிள்ளைக்கு மட்ச் விளங்குமோ?"

விளங்குமோவா? யார் தோற்றால் யார் போவார் என்று ஒரு மூச்சில் ஒப்புவித்தேன். "உவள் பெரிய ஆளா வருவாள்" என்றார். வந்தேன்தானே!

பெண்ணின் தாய் அம்மாவிடம் மெல்லக் கேட்டா. "உங்கடை தம்பி அந்த ஆராய்ச்சிக்கூடத்திலை என்ன செய்யிறவர்?"

"பயிருகள்... விதையள்... எல்லாம் அவன்ரை கையிலைதான்."

"பனிக்குள்ளை முளைக்கிற உருளைக்கிழங்கு" என்று நான் எடுத்துக் கொடுத்தேன். பெண் முதல்முறையாகத் தட்டிலிருந்து கண்ணை எடுத்தா. "உருளைக்கிழங்கோ?" என்றா. "ஓம், இண்டைக்கும் அங்கைதான். கிழங்குக்கு ஞாயிறு லீவு இல்லை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவைத் தவிர.

ஆட்டம் சமமாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசி நிமிடம். எங்கள் ஆள் ஒருவன் மூலையில் எம்பிப் பந்தைப் பிடித்தபடி விழுந்தான். மைதானம் வெடித்தது. அப்பாவும் தகப்பனும் எழுந்து நின்றார்கள். கமரா சனத்தின் பக்கம் திரும்பியது. எல்லோரும் குதிக்கிறார்கள், பியர் மழையாகத் தெறிக்கிறது. நடுவே படிக்கட்டில் ஒருவர் மட்டும் அசையாமல் நிற்கிறார். மஞ்சள் மேலுடுப்பு, கழுத்திலிருந்து வாரில் தொங்கும் தட்டு, தட்டில் அடுக்கிய பியர்க் கோப்பைகள். ஒன்றும் சிந்தாமல் இரண்டு கையாலும் தட்டை அணைத்துப் பிடித்திருக்கிறார். ஒரு தடியன் பின்னாலிருந்து அவரைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுக்கிறான்.

"மாமா!" என்று கத்தினேன். "அங்கை, எங்கடை மாமா! ரீவியிலை!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கனடா முழுக்க என் மாமாவைப் பார்க்கிறது! ரீவிக்காரருக்கும் அந்தக் காட்சி பிடித்துப்போயிற்று. மெதுவாக்கி இன்னொரு தரம் காட்டினார்கள். முத்தம், தட்டு, மாமாவின் வெட்கச் சிரிப்பு.

அப்பா கையில் எடுத்த கட்லட் கையிலேயே நின்றது. மாமா ஆராய்ச்சிக்கூடத்தில் இல்லை என்பது அப்பாவுக்கும் அப்போதுதான் தெரியும்.

"அது அவனில்லை" என்றார் அம்மா. "அவனைப்போல ஒராள்."

"மாமாதான் அம்மா! தொப்பியைப் பாருங்கோ. நீங்கள் மிஞ்சின நூலிலை பின்னினது!"

ஒரு பக்கம் ஊதா, மறுபக்கம் கிளிப்பச்சை, உச்சியில் செம்மஞ்சள் குஞ்சம். இந்த நகரத்தில் அப்படி ஒரு தொப்பியை வேறொருவர் போட வழியே இல்லை. அதே நூலில் பின்னிய விரிப்பு ரீவிக்கு மேலேயே கிடந்தது. பெண்ணின் தாய் விரிப்பைப் பார்த்தா, கீழே தொப்பியைப் பார்த்தா.

"ஆராய்ச்சி எண்டனீங்கள்" என்றா.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் அதற்குமுன் கண்டதில்லை.

தகப்பன் போய்க் கையைக் கழுவினார். ரீவியைத் தானே நிறுத்தினார். மேலங்கியைப் போட்டுக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்.

"பியர் விக்கிறது குற்றமில்லைத் தங்கச்சி. நானும் வந்த புதுசிலை கோப்பை கழுவினனான். பிள்ளையைப் பேசாதேங்கோ. பொய் சொல்லத் தெரியாத ஆள் ஒண்டாவது இந்த வீட்டிலை இருக்கட்டும்."

உருளைக்கிழங்கை அவர் மறந்துபோனார்போலும்.

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்கு ஏதாவது விளங்கியிருக்கும். சிவப்புப் பேனாவை எடுத்துக் குப்பைவாளியில் போட்டார். "இண்டைக்கு இனி நீ வாய் திறக்கக்கூடாது" என்றார். நானும் திறக்கவில்லை.

ஆறு மணிக்கு மாமா வந்தார், உடுப்பெல்லாம் பியர் மணக்க. "அக்கா, வெண்டிட்டம்!" என்றபடி உள்ளே வந்தவர், எடுக்காமல் கிடந்த தட்டுகளைக் கண்டு நின்றார். அப்பா நடந்ததைச் சொன்னார்.

"நான் எப்ப அக்கா ஆராய்ச்சி செய்யிறன் எண்டனான்? ஆராய்ச்சிக்கூடத்திலை தரை துடைக்கிறன் எண்டெல்லோ சொன்னனான். கிழமையிலை அது, ஞாயிறிலை இது."

"துடைக்கிறன் எண்டதை விட்டுட்டன்ரா" என்று சொல்லி அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டார். "கூட ஒண்டும் சொல்லேல்லை. விட்டுட்டன், அவ்வளவுதான்."

மாமா அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். கோபிக்கவில்லை. எனக்குத்தான் உலகமே தலைகீழானது. என் தாள் பொய், ஆராய்ச்சி பொய், உருளைக்கிழங்கு பொய். பனியில் எதுவும் முளைக்கப்போவதில்லை. நாளைக்கு வகுப்பில் என்ன சொல்வேன்?

அன்று வாய் திறக்கக்கூடாது என்றதால் ஒரு விசயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. பெண்வீட்டார் படியிறங்கிய கையோடு, அம்மா அந்தத் தடையைப் போட முதலே, கதிரையில் ஒரு கையுறை கிடந்தது. அப்பா என்னிடம் கொடுத்து ஓடச் சொன்னார். தாயும் தகப்பனும் கீழே காருக்குள் ஏறிவிட்டார்கள். வளைந்த படியின் நடுவில் அந்தப் பெண் மட்டும் நின்றா. கையுறையை வாங்கினா. மெர்சி என்றா. பிறகு, ஆட்டம் நடந்த மூன்று மணி நேரமும் ரீவிப் பக்கம் கண்ணே வைக்காதவ, கேட்டா.

"அடுத்த மட்ச் எப்ப?"

அழுதுகொண்டிருந்த எனக்கு உயிர் வந்தது. இந்த வீட்டில் என் அறிவுக்கு மதிப்புக் கொடுக்க ஓர் ஆள்! மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். "முதலிடம் வந்திட்டம், அதாலை வாற கிழமை இல்லை. அதுக்கடுத்த ஞாயிறு. இங்கைதான், ஒரு மணி." என் பெயர் இன்னொரு தரம் கெடக்கூடாது என்று கவனமாகச் சேர்த்தேன். "ஆனா ரிக்கற் எல்லாம் விக்காட்டி ரீவியிலை காட்டமாட்டாங்கள்."

"ரீவி வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு மாமி கீழே இறங்கிப் போனா.

நான் படியிலேயே திகைத்து நின்றேன். அன்று கண்ட அதிர்ச்சிகளிலெல்லாம் எனக்கு அதுதான் பெரியதாக இருந்தது. ரீவியில் பார்க்க விருப்பமில்லாத ஒருவருக்கு ஆட்டத்தின் நேரம் எதற்கு?