டாக்டர் கணக்கில் ஏறிய பல்

எங்கள் வகுப்பு பள்ளியை விட்டு வெளியேறிய ஐம்பதாம் ஆண்டில் எல்லோரும் ஒருமுறை கூடுவது என்றும், கூடியபின் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி மலர் போடுவது என்றும் முடிவானது. கூடினோம். பக்கங்களும் வந்து சேர்ந்தன. படித்துப் பார்த்தால் எங்கள் வகுப்பில் முட்டாள் என்று ஒருவன்கூட இருந்ததில்லை என்று தெரிகிறது. ஜன்னல் மட்டும் எழுதித் தரவில்லை.

"நீயே எழுதிடு ரிஜிஸ்டர். நான் எழுதினா பொய் வரும். நீ எழுதினா தேதி வரும்" என்றான்.

வகுப்பின் முகவரி, பிறப்பு, இறப்பு எல்லாம் என்னிடம் இருப்பதால் எனக்கு அந்தப் பெயர். எனவே அவனுடைய பக்கத்தை நான் எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது என்று முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

ஜன்னல் என்ற பெயர் பள்ளியின் கடைசி நாளில் வந்தது. காலையில் பிரிவு உபசாரக் கூட்டம், மாலையில் கால்பந்து. பின்னாளில் பல் மருத்துவனான டாக்டரும் இவனும் ஒரே பந்துக்கு எழும்பினார்கள். டாக்டரின் முழங்கை இவன் வாயில் இறங்கியது. மேல்வரிசை முன்பல் ஒன்று முறிந்து புல்லுக்குள் போனது. தேடினோம், கிடைக்கவில்லை. அன்றே பெயர் வைத்தாகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் இன்று அவன் மனைவியே "அப்படி யாரும் இங்க இல்லையே" என்பார்.

தேர்வில் தேறினான். எப்படி என்று பள்ளிக்கும் தெரியாது. முதலில் ஒரு அலுவலகத்தில் தபால் பிரிக்கும் வேலை. அதிகாரிக்கு வந்த சொந்தக் கடிதத்தைப் பிரித்ததோடு நிற்காமல், அதிலிருந்த எழுத்துப்பிழைகளையும் திருத்திக் கொடுத்ததால் வெளியே வந்தான். பிறகு துணிக்கடைகளில் நிற்கும் பொம்மைகளைச் செய்யும் பட்டறை. அச்சு எடுப்பது, வார்ப்பது, தேய்ப்பது எல்லாம் அங்கே பழகியவை. பட்டறை முதலாளி தன் மனைவியின் சாயலில் ஒரு பொம்மை கேட்டார். ஜன்னல் அச்சு அசலாகச் செய்துவிட்டான். அந்த வேலையும் போனது.

அந்தச் சமயத்தில் டாக்டர் புதிதாக கிளினிக் திறந்திருந்தான். பல்செட் செய்து தரும் ஆள் முதல் மாதமே ஓடிவிட்டான். ஒருநாள் கடைத்தெருவில் ஜன்னல் எதிரே வந்து, பழைய சிநேகிதனைப் பார்த்த சந்தோஷத்தில் வாய் நிறையச் சிரித்தான். டாக்டரின் முகம் வெளுத்தது.

"இன்னுமா அதைக் கட்டலை?"

"காசு வேணாமா? சரி விடு. நீ நல்லாருக்கியா? முழங்கை நல்லாருக்கா?"

மறுநாள் முதல் அவன் கிளினிக்கின் பின்னறைக்காரன். அன்றிலிருந்து இன்றுவரை அதே அறை. ஒரு நீள மேசை, மெழுகு உருக்க அடுப்பு, பாலிஷ் போடும் மோட்டார், சுவர் முழுக்க அலமாரி. அலமாரியில் ஊரின் பெரிய மனிதர்கள் எல்லோரும் கண்ணும் மூக்கும் இல்லாமல், வெள்ளைப் பிளாஸ்டரில் வாயைப் பிளந்தபடி வரிசையாக இருக்கிறார்கள். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கி நீதிபதியாக ஓய்வுபெற்றவனின் தாடை மூன்றாம் தட்டில் இருக்கிறது. பதவியின் கடைசி வருடங்களில் அவன் சொன்ன தீர்ப்புகள் எல்லாம் ஜன்னல் செய்த பல்லுக்கு இடையே வந்தவை. "நம்ம கிளாஸ் ஒத்துமையா இருக்குன்னா காரணம் நான்தான். பாதிப்பேருக்கு ஒரே கை செஞ்ச வாய்" என்பான்.

சம்பள உயர்வு, மின்விசிறி, ரேடியோ, ஞாயிற்றுக்கிழமை விடுப்பு எதையும் அவன் வார்த்தையால் கேட்டதில்லை. டாக்டரின் அறைக்குள் போய் நின்று சிரிப்பான். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு "சரி, போ" என்பான். வருடத்திற்கு ஒருமுறையாவது டாக்டர் "வந்து உக்காருடா, அளவெடுக்கறேன், பல்லைக் கட்டிக்கோ" என்று கெஞ்சுவதும், ஜன்னல் "அவசரம் என்ன" என்பதும் வழக்கம்.

சந்திப்புக்குச் சில நாள் முன்பு மனைவியோடு என் வீட்டுக்கு வந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை.

"பேசற வரிசையை யாரு போடறது?"

"வருகைப் பதிவேட்டு வரிசைதான்."

"அப்போ டாக்டர் எனக்கு முன்னாடியா?"

"நடுவுல காப்பீட்டுக் கம்பெனிக்காரன் ஒருத்தன். அப்புறம் நீ."

"என்னை டாக்டருக்கு முன்னாடி போடு."

"முடியாது. வரிசைன்னா வரிசை."

"நீ செத்தாக்கூட உன் இறப்புச் சான்றிதழைச் சரிபார்த்துட்டுத்தாண்டா கண்ணை மூடுவ."

விஷயம் இதுதான். டாக்டர் கிளினிக்கை விற்கிறான். வாங்குவது பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் நிறுவனம். அவர்களுக்குப் பல்செட் எங்கோ ஒரு இடத்தில் இயந்திரத்தில் செய்து பார்சலில் வந்துவிடும். பின்னறை எதற்கு? ஜன்னலுக்கோ அந்த அறையை விட்டால் போக்கிடம் இல்லை. வீட்டில் இருக்கலாமே என்று கேட்டேன். அவன் பதில் சொல்லும் முன் அவன் மனைவி சொன்னார்: "வேணாம்ணே. ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் மிஞ்சுவோம்."

அதனால் திட்டம் போட்டிருந்தான். சந்திப்பில், அத்தனை பேர் முன்னால், தன் வாழ்க்கை அந்த முழங்கையால் எப்படி ஆனது என்று சொல்லி, சிரித்துக் காட்டி, அறையைக் கேட்பது. அவ்வளவு பேர் பார்க்கும்போது டாக்டரால் மறுக்க முடியாது.

"அண்ணே, நீங்களாவது புத்தி சொல்லுங்க. பொண்ணு கல்யாண போட்டோவுல இவரு வாயை இறுக்கிட்டு நிக்கறதைப் பார்த்து, இவருக்குக் கல்யாணத்துலயே இஷ்டமில்லன்னு சம்பந்தி வீட்ல நெனைச்சுட்டாங்க. ஒரு ஓட்டையை வச்சு இன்னும் எத்தனை நாள் பொழைக்கிறது?"

"அதை அடைச்சா பொழைப்பே அடைஞ்சுடும். உனக்குத் தெரியாது."

வரிசையை நான் மாற்றவில்லை.

சந்திப்பு நாளன்று டாக்டர் மேடை ஏறினான். கிளினிக், விருதுகள், வெளிநாட்டில் இருக்கும் மகன் என்று ஆரம்பிப்பான் என எதிர்பார்த்து பலர் கைப்பேசியை எடுத்தார்கள்.

"என் சாதனை ஒண்ணே ஒண்ணுதான். நான் உடைக்காத பல்லுக்கு ஆயுசு பூரா அபராதம் கட்டியிருக்கேன்."

கைப்பேசிகள் கீழே இறங்கின.

"கிளினிக் திறந்த வருஷம் எக்ஸ்ரே மெஷின் வாங்கினேன். சோதனை பண்ண ஆள் வேணும். ஜன்னலை உக்கார வெச்சேன். வேர் மட்டும் உள்ளயே நிக்குது. அடிபட்டு உடைஞ்ச பல் ஒரு விதமா உடையும். கடிச்சு நெம்பி உடைச்ச பல் வேற விதமா உடையும். இது நெம்பினது. ஸ்கூல் கடைசி நாள் காலையில பிரிவு பார்ட்டிக்கு வந்த சோடா பாட்டில் மூடியை எல்லாம் இவன் பல்லாலதான் திறந்தான். சாயங்காலம் நடுவுல வந்து மாட்டினது என் முழங்கை."

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "என் பாட்டிலையும் இவன்தான் திறந்தான். அப்பவே பல்லு ஆடுதுன்னான்."

நீதிபதி எழுந்து நின்றுவிட்டான். "அப்புறம் ஏண்டா இவ்வளவு நாள் சொல்லல?"

"சொன்னா வேற எடத்துக்குப் போயிருப்பான். அவன் செய்யற பல்லு மாதிரி வேற யாரும் செய்யல. அதோட, சிரிச்சுக் கேக்கறவனுக்குக் குடுக்கறது எனக்குப் புதுசா இருந்துச்சு. வீட்ல எல்லாம் முறைச்சுத்தான் கேப்பாங்க."

முதல் வரிசையில் இருந்த டாக்டரின் மனைவி முறைத்தார். கூட்டம் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது. அடுத்துப் பேசிய காப்பீட்டுக்காரனின் பதவி உயர்வுகள் எதுவும் யார் காதிலும் விழவில்லை. அவன் எழுதித் தந்த தாளைப் பார்த்துத்தான் மலரில் சேர்த்திருக்கிறேன்.

பிறகு ஜன்னல். மேடையில் வாயை மூடிக்கொண்டு நின்றான். அவன் வாய் மூடி நின்றதை நான் அதற்கு முன் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

"பள்ளிக்கூடத்தை விட்டு வந்து நான் சேர்த்தது ஒரு ஓட்டைதான். அதையும் இவன் இப்போ புடுங்கிட்டான்."

யாரோ கைதட்டத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். அவன் டாக்டரைப் பார்த்தான். சிரிக்கவில்லை.

"டேய். அந்தப் பின்னறையை எனக்கு விட்டுடுடா. வேற எங்க போய் உக்காருவேன்னு தெரியல."

டாக்டர் இருந்த இடத்திலிருந்தே சொன்னான். "முன்பக்கத்தை மட்டும்தான் வித்தேன். பின்னறைக்குத் தனி வாசல் இருக்கு. நீ வாயால கேளு, குடுக்கலாம்னு இருந்தேன். ஒரே ஒரு கண்டிஷன். அந்த ஓட்டையை அடை. அதைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்தே குனிஞ்சு போச்சு."

"அளவு மட்டும் நீ எடு. பல்லு நான் செய்வேன். உன் வேலையை நம்ப முடியாது."

வாங்கியவர்களிடம் சாவியைக் கொடுக்கும் முன் டாக்டர் கிளினிக்கில் கடைசியாக அளவெடுத்தது ஜன்னலின் வாயைத்தான். அப்போது ஜன்னல் டாக்டரின் விரலைக் கடித்தானா, டாக்டர் விரலை வேண்டுமென்றே உள்ளே விட்டானா என்பதில் இருவர் சொல்வதும் ஒத்துப்போகவில்லை. இரண்டையும் பதிவு செய்கிறேன்.

பல் அருமையாக வந்திருக்கிறது. மகள் வீட்டுக்குப் போய் எல்லோரையும் நிறுத்தி மறுபடி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சம்பந்தி வீட்டாருக்கு இப்போதுதான் நிம்மதி. ஆனால் அதை ஒட்டுப்பல்லாகச் செய்யாமல், கழற்றி மாட்டுகிற மாதிரி செய்திருக்கிறான்.

போன வாரம் மலருக்காக விவரம் சரிபார்க்கப் பின்னறைக்குப் போனேன். விற்றுவிட்டு வேறு வேலை இல்லாத டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். தினமும் வருகிறானாம். ஜன்னல் ஏதோ ஒரு தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் மோட்டாரை நிறுத்தி, பல்லைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, டாக்டரைப் பார்த்துச் சிரித்தான்.

"சரி சரி" என்று சொல்லிக்கொண்டு டாக்டர் எழுந்தான். என்னிடம் திரும்பி, "ரிஜிஸ்டர், உனக்கும் டீதானே?" என்றான்.