அஞ்சலை வழிமொழிந்தார்

1. ஐந்துக்கு மிகாமல்

ஓட்டு எண்ணி முடித்த நான்காவது நாள், கட்சித் தலைமையிலிருந்து எங்கள் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு படிவம் வந்தது. இரண்டே கேள்விகள். ‘தோல்விக்கான காரணங்கள், ஐந்துக்கு மிகாமல்.’ ‘கட்சி இனிச் செல்ல வேண்டிய திசை, ஒரு வரியில்.’ பத்து நாளுக்குள் கூட்டம் போட்டு விவாதித்து, மினிட்ஸோடு சேர்த்து அனுப்ப வேண்டும்.

‘எங்கள்’ என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். நான் கட்சி உறுப்பினர் இல்லை. ராயபுரத்தில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு, திருவொற்றியூரில் இருந்த அந்த அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். இருபத்தாறு வருடம் அங்கேயே இருந்தேன். மெஷின் போய் கம்ப்யூட்டர் வந்தது, மற்றபடி வேலை ஒன்றுதான். அஜெண்டா, தீர்மானம், மினிட்ஸ்.

மாவட்டச் செயலாளர் கண்ணப்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கத்தில் நின்று பேசினாலும் கிரேன் மேலிருந்து கீழே இருப்பவரைக் கூப்பிடுவதுபோல்தான் பேசுவார். கட்சியில் மாவட்டச் செயலாளரை ‘மாவட்டம்’ என்றே கூப்பிடுவது வழக்கம், நானும் அப்படியே கூப்பிடுவேன். இந்தத் தேர்தலில் அவரே வேட்பாளர். மூன்றாவதாக வந்தார்.

படிவத்தை இரண்டு முறை படித்தார்.

“அஞ்சுதானா? எங்கிட்ட பதினொண்ணு கீதே.”

“சொல்லுங்க மாவட்டம், எழுதிக்கிறேன்.”

“ஓட்டு போட்ற அன்னிக்கு மய.”

“அன்னைக்கு மழை இல்லையே.”

“மய வர மாரி இருந்துச்சா இல்லியா? ஜனம் துணி எடுக்கறதுக்கோசரம் வூட்லயே நின்னுடுச்சி. எய்து.”

எழுதினேன். அடுத்தது ஓட்டு இயந்திரம். அப்புறம் கூட்டணிக் கட்சிக்காரர்கள் மதியச் சாப்பாட்டோடு காணாமல் போனது. அப்புறம், அவர் பெயரிலேயே மூன்று கண்ணப்பன்கள் சுயேச்சையாக நின்றது. மூன்று பேர் வாங்கிய ஓட்டையும் இவரோடு சேர்த்தாலும் மூன்றாவது இடம்தான் வரும். அதை நான் சொல்லவில்லை. பதினொன்றும் முடிந்ததும் பட்டியலைத் திரும்பப் படித்தேன். ஒன்றில்கூட அவர் இல்லை.

2. காதணி விழா மேடை

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கிடைத்தது ஒரு சின்னக் கல்யாண மண்டபம். முந்தைய நாள் அங்கே காதுகுத்து. டெக்கரேஷன்காரர் சாயங்காலம்தான் வருவார் என்றதால் மேடையில் தெர்மாகோல் எழுத்துக்கள் அப்படியே இருந்தன: ‘செல்லக்குட்டி கவின் காதணி விழாவுக்கு வருக வருக.’ அதற்கு மேலே எங்கள் ஆட்கள் ‘தேர்தல் ஆய்வுக் கூட்டம்’ என்ற பேனரைக் கட்டினார்கள். மாவட்டம் சரியாகச் ‘செல்லக்குட்டி’க்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

அறுபது பேர்போல வந்திருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து மனம்விட்டுப் பேசினார்கள். ஒரு வட்டச் செயலாளர் சொன்னார், “எங்க தெருவுல மாவட்டம் ஜீப்ப வுட்டு கீயவே எறங்கல. கும்புட்டுகினே போய்ட்டாரு. ஜனம் சாமி ஊர்வலம்னு நெனச்சிக்கிச்சி.” கைதட்டல் விழுந்தது. உடனே என் பக்கம் குனிந்து, “யக்கா, இத்த மட்டும் எய்திக்காத” என்றார். அடுத்தவரும் நல்ல உண்மை ஒன்றைச் சொல்லிவிட்டு அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். பதினொன்றரை மணிக்கு என் நோட்டில் ‘தேநீர் வழங்கப்பட்டது’ என்ற ஒரு வரிதான் இருந்தது.

பிறகு ஐ.டி. விங் தினேஷ் எழுந்தான். மாத்தூரில் வீடு, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, முப்பது வயது. புரொஜெக்டர் கொண்டுவந்திருந்தான்.

“நம்ம பிரச்சினை நரேட்டிவ், மாவட்டம். இமேஜ மாத்தணும்.”

“என் போட்டோவ மாத்தணும்ன்றியா, நைனா?”

“போட்டோ இல்ல, இமேஜ்.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

தினேஷ் அடுத்த ஸ்லைடுக்குப் போனான். ‘நமது புதிய திசை’ என்று போட்டு, பெரிய சிவப்பு அம்பு ஒன்று சுவரில் விழுந்தது. அம்பு காட்டிய பக்கம் பந்தி ஹால் கதவு இருந்தது. அங்கிருந்து அப்போதுதான் சாம்பார் தாளிக்கிற வாசனை வந்தது. பாதிக் கூட்டம் திரும்பி அந்தப் பக்கம் பார்த்தது.

“இவ்ளோ நேரத்துல இவன் ஒருத்தன்தான் சரியா காட்னான்” என்றார் யாரோ.

3. வழிமொழிந்தவர்

அஞ்சலை வந்தபோது பன்னிரண்டு மணி இருக்கும். நெட்டுக்குப்பத்துக்காரர், எங்கள் மகளிர் அணி நிர்வாகி. காலையில் எண்ணூர் மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு நேரே வந்திருந்தார். கூடையை வாசலில் வைத்துவிட்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் மைக்கை வாங்கிக்கொண்டார். மேடையோரம் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து செல்போனை நீட்டினார்.

“யக்கா, இது நீ அடிச்சதுதான?”

மைக் அவர் கையில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

போனில் எங்கள் மினிட்ஸின் ஒரு பக்கம் போட்டோவாக இருந்தது. நெட்டுக்குப்பத்தில் மீன் காயவைக்கும் மைதானத்தில் ஒரு தனியார் கம்பெனி கன்டெய்னர் லாரி யார்டு அமைப்பதை மாவட்டக் கட்சி வரவேற்கிறது என்ற தீர்மானம். முன்மொழிந்தவர் கண்ணப்பன். வழிமொழிந்தவர் அஞ்சலை. யாரோ அதைப் படம் எடுத்து, ஓட்டுப் போடுவதற்கு இரண்டு நாள் முன்னால் குப்பத்து வாட்ஸ்அப் குரூப்புகளில் போட்டிருக்கிறார்கள்.

“படி” என்றார். படித்தேன்.

“அன்னிக்கி என் மருமவளுக்குப் பிரசவம். நான் ஆஸ்பத்திரில நின்னுகினு இருந்தேன். இங்க வந்து எப்ப வயிமொயிஞ்சேன்? எங்க ஜனம் மீன் காயவெக்கிற எடத்த நானே எட்த்துக் குடுத்தேன்னு ஊரே சொல்து. ரெண்டு வாரமா என் கூடையாண்ட ஒருத்தி குந்த மாட்டேன்றா. என் தங்கச்சி, கூடப் பொறந்தவ, மார்க்கெட்டுல அந்தாண்ட மூலைக்குப் போய்ட்டா.”

மாவட்டம் எழுந்தார். “அஞ்சல, அது டைப்பிங் மிஸ்டேக்கு. அதுக்குப் போயி பேஜார் பண்ணிகினு.”

அங்கே நான் பேசாமல் இருந்திருக்கலாம். டைப்பிங் மிஸ்டேக் என்று சொல்லி இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ காரியங்களை மூடியிருக்கிறோம். ஆனால் அஞ்சலை அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மை இதுதான். எங்கள் மினிட்ஸ் பெரும்பாலும் கூட்டத்துக்கு முந்தைய நாளே தயாராகிவிடும். ‘ஒருமனதாக நிறைவேறியது’ என்பது என் கம்ப்யூட்டரில் எப்போதும் இருக்கும் வரி. தீர்மானத்துக்கு ஒரு பெண் பெயராவது வேண்டும் என்று தலைமையின் உத்தரவு இருந்தது. மகளிர் அணியில் எனக்கு உடனே நினைவுக்கு வரும் பெயர் அஞ்சலை. எழுத்துப்பிழை வராத பெயர் வேறு. போட்டுவிடுவேன்.

எழுந்து நின்றேன். ஒரு கூட்டத்திலும் நான் அப்படி எழுந்ததில்லை.

“மிஸ்டேக் இல்ல மாவட்டம். நான்தான் போட்டேன். இது ஒண்ணு மட்டும் இல்ல, ரெண்டு வருஷமா அஞ்சலை பதினாலு தீர்மானம் வழிமொழிஞ்சிருக்காங்க. அதுல ஒண்ணுக்குக்கூட அவங்களக் கேக்கல.”

தினேஷ் மெதுவாகக் கேட்டான். “அக்கா, அப்ப என் பேரு?”

“நீ ஒம்பது முன்மொழிஞ்சிருக்கே, தம்பி.”

அவ்வளவுதான். ஆளாளுக்கு எழுந்து வந்து, நான் கொண்டுவந்திருந்த பழைய மினிட்ஸ் ஃபைலைக் கேட்டார்கள். என் மேஜை முன்னால் ரேஷன் கடைபோல் வரிசை நின்றது. மாவட்டம் ஜீப்பிலிருந்து இறங்கவில்லை என்று சொன்னாரே, அந்த வட்டச் செயலாளர் தன் பக்கத்தைக் கண்டுபிடித்தார். போன வருடம் கூட்டத்துக்கு வராத வட்டச் செயலாளர்களைக் கண்டிக்கும் தீர்மானம். கண்டிக்கப்பட்ட பெயர்களில் முதல் பெயர் அவருடையது. முன்மொழிந்தவரும் அவர்தான்.

“நான் வரவே இல்லன்னு நானே வந்து சொல்லி இருக்கேன்” என்றார். அவருக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அவர் சிரித்ததும் கூட்டமே சிரித்துவிட்டது. அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை.

4. கை தூக்குதல்

“எனக்கு சிரிப்பு வர்ல” என்றார் அஞ்சலை. “அந்தத் தீர்மானத்த இப்ப வாபஸ் வாங்கணும். கச்சி எந்தப் பக்கம் போவணும்னு காலைல இர்ந்து கேட்டுகினு கீறீங்களே, மொதல்ல அந்த மைதானம் யாருக்குன்னு சொல்லுங்க.”

மாவட்டம் மைக் இல்லாமலே பேசினார். அவருக்கு அது தேவையும் இல்லை. “நான் கெட்டது நெனைக்கல, அஞ்சல. நானு முப்பது வருசம் ஆர்பர்ல கிரேன்ல குந்தினவன். யார்டு வந்தா நம்ம பசங்களுக்கு வேல கெடைக்கும். டிரைவரு, லோடிங்கு. நெசமாவே அதான் நெனச்சேன்.”

“அப்டினா அத்த எங்க குப்பத்துல வந்து சொல்லி இருக்கலாமே. நாங்க சண்ட போட்டிருப்போம். சண்ட போட்டு ஒத்துக்கினாலும் ஒத்துக்கினு இருப்போம். என் பேர வெச்சி ஏன் சொன்ன?”

மாவட்டம், “சரி, ஒருமனதா அந்தத் தீர்மானத்த வாபஸ்...” என்று ஆரம்பித்தார்.

“ஒருமனதுலாம் வேணாம். எண்ணு” என்றார் அஞ்சலை.

எங்கள் மாவட்டக் கட்சியில் கை தூக்கி எண்ணிய வழக்கமே இல்லை. எப்படி எண்ணுவது என்பதிலேயே கால் மணி நேரம் போனது. பாதிப் பேர் கையைத் தூக்குவதற்கு முன்னால் மாவட்டத்தின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. தினேஷ் எண்ணினான். சாப்பாடு போடலாமா என்று கேட்க வந்த சமையல்காரர் வாசலில் நின்று கையைத் தூக்க, அவரையும் சேர்த்து எண்ணிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

வாபஸ் வாங்க முப்பத்திநான்கு கை. வேண்டாம் என்று இருபத்தொன்று. அந்த இருபத்தொரு பேரில் வேலையில்லாத பிள்ளைகளை வீட்டில் வைத்திருந்தவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் பேசியதையும் எழுதிக்கொண்டேன். மாவட்டம் இரண்டு பக்கமும் கை தூக்கவில்லை. சாப்பிட எழுந்திருக்கும்போது, “எத்தினி பேரு எந்தாண்டன்னு இப்பதான் எனக்கே தெர்து” என்றார்.

மறுநாள் படிவத்தை நிரப்பினேன். காரணங்கள் என்ற இடத்தில் ஒன்றுதான் எழுதினேன். ‘நெட்டுக்குப்பத்து மக்களைக் கேட்காமலே, கேட்டதாக எழுதிக்கொண்டோம்.’ திசை என்ற இடத்தைக் காலியாக விட்டேன். கீழே நடந்ததையும், அதில் என் பங்கையும் எழுதி, என் ராஜினாமாக் கடிதத்தையும் வைத்து மாவட்டத்திடம் கொடுத்தேன்.

நெடுநேரம் படித்தார். “இத்த அனுப்புனா என்னத் தூக்கிடுவானுங்க.”

“தூக்கலாம், மாவட்டம்.”

“மயய ஒரு காரணமா சேத்துக்கலாமா?”

“வேணாம் மாவட்டம்.”

பேனா கேட்டார். கையெழுத்துப் போட்டார். ராஜினாமாவை மட்டும் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அது அப்புறம் என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது.

மூன்று வாரம் இருவரும் போன் மணி அடித்தால் பயந்துகொண்டிருந்தோம். தலைமையிலிருந்து கடிதம் வந்தது. ‘தங்கள் மாவட்டம் ஒருமனதாகத் தெரிவித்த ஐந்து காரணங்களும் பரிசீலிக்கப்படும். நன்றி.’ அங்கேயும் என்னைப்போல ஒருத்தி உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்தது.

5. மீன் ஏலக்கூடம்

அதோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். கடிதம் வந்த மறுநாள் அஞ்சலை அலுவலகத்துக்கு வந்தார். “இங்க சொன்ன, சரி. அங்க குப்பத்துல வந்து சொல்லு. என் தங்கச்சிக்கு உங்க தலைமையத் தெரியாது.”

ஷேர் ஆட்டோவில் போனேன். மாவட்டமும் வந்தார். கழிமுகத்தை ஒட்டிய மீன் ஏலக்கூடத்தில் இருபது முப்பது பெண்கள் இருந்தார்கள். மாவட்டத்தைப் பார்த்ததும் மீன் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா தலையைத் தூக்கினார்.

“இன்னா நைனா, அதுக்குள்ள மறுபடி எலீக்சனா?”

“இல்லம்மா. தோத்துட்டேன், அத்த சொல்ல வந்தேன்.”

“அதான் தெரியுமே. நாங்கதான தோக்கடிச்சோம்.”

நான் நடந்ததைச் சொன்னேன். அஞ்சலை அன்று கூட்டத்திலேயே இல்லை, பெயரைப் போட்டது நான், அவருக்குத் தெரியாது என்று. அஞ்சலையின் தங்கை கொஞ்சம் தள்ளி நின்று கேட்டாள். நான் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எங்கக்கா பேர அத்தினி தபா போட்டியே, எங்கக்கா வூட்டுக்கு ஒரு தபா வந்துகிறியா?”

வந்ததில்லை. பதினாறு வருடப் பழக்கம். ராயபுரத்தில் என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரம். “இல்ல” என்றேன். அவள் தன் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து அக்கா பக்கத்தில் வைத்தாள். “அந்த வஞ்சிரத்த எவ்ளோக்கு சொல்ற?” என்று அக்காவிடம் கேட்டாள்.

பிறகு அவர்கள் என்னை விடவில்லை. டைப் அடிக்கத் தெரிந்தவள் வந்திருக்கிறாள், மைதானம் எங்களுக்கே வேண்டும் என்று மனு அடித்துக் கொடு என்றார்கள். அடுத்த சனிக்கிழமை தினேஷின் லேப்டாப்போடு போனேன். ஒவ்வொருவரும் வந்து உட்கார்ந்து சொன்னார்கள். அடித்ததைத் திரும்பப் படித்துக் காட்டினேன். ஒரு பெண், “நான் அப்டி சொல்லல, மயக்காலத்துல மட்டும் கஷ்டம்னு சொன்னேன். ஏத்தி எய்தாத” என்றாள். மாற்றினேன். நாலு வரி அடிப்பதற்குள் இரண்டு சண்டை நடந்தது. என் வேலையில் ஒரு பக்கத்துக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மைதானம் விஷயம் இன்னும் முடியவில்லை. மனு நிலுவையில் இருக்கிறது, யார்டும் வரவில்லை, மீன் காய்கிறது. கட்சியின் திசை பற்றி மேலே என்ன முடிவானது என்று எனக்குத் தெரியாது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். ஸ்பீடு தானாக வரும். ஒருவர் பெயரை டைப் அடிப்பதற்கு முன்னால் எழுந்து போய் அவரைக் கேளுங்கள். ‘இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று அவர் சொன்னால், அதை அப்படியே எழுதிவிட்டு வாருங்கள்.