செஞ்சி மலையில் பெண் பார்த்தது

செஞ்சிக்கோட்டையைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கோட்டை என்ன பாவம் செய்தது? ஆனாலும் அப்படித்தான்.

அறுபதுகளின் தொடக்கம். திண்டிவனத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கு மல்லாட்டை மண்டியில், வேர்க்கடலை வியாபாரத்தில், வேலை. ஒரு மாசி மாதக் காலையில் என்னையும் அக்காவையும் கூப்பிட்டு, "கோட்டைய சுத்திப் பாத்துட்டு வரலாம், கிளம்புங்க" என்றார். அதுவரை எங்களைக் கடைத்தெருவுக்குக்கூடக் கூட்டிப்போகாத மனுஷர். அம்மா அக்காவுக்குப் பட்டுப்புடவை கட்டிவிட்டு, தலை நிறையப் பூ வைத்து, தூதுவளைக் கஷாயத்தை வழக்கத்தைவிடக் காரமாகக் காய்ச்சிக் குடிக்கவைத்தாள். மலை ஏறப் பட்டுப்புடவையா? தங்கச்சி எனக்கே விளங்கிவிட்டது, அக்காவுக்கு விளங்காமல் இருக்குமா.

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம். வீடு தேடி வந்து பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் பெண்ணுக்குப் பேர் கெட்டுவிடும். அதனால் முதலில் கோயிலிலோ தேர்த்திருவிழாவிலோ தற்செயலாகச் சந்திப்பது போலப் பார்த்துக்கொள்வார்கள். இப்போது அக்காவைக் கேட்டிருந்த கோலியனூர்க்காரர்கள் மட்டும் கோயில் வேண்டாம், செஞ்சிக்கோட்டை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். காரணம் இருந்தது. அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. அதனாலேயே முன்பு வந்த வரன்கள் தட்டிப்போயிருந்தன. இவர்கள் காதுக்கும் அது எப்படியோ போய்விட்டது. மலை ஏறவிட்டால் உண்மை தெரிந்துவிடும் என்று அவர்கள் நினைத்தார்கள். ஏறிக் காட்டிவிட்டால் ஊர் வாய் அடங்கிவிடும் என்று அப்பா நினைத்தார். ஏறப்போகிறவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கோட்டை வாசலில் மாப்பிள்ளையின் அம்மாவும் அந்த அம்மாவின் தம்பியும் நின்றிருந்தார்கள். "அடடே, நீங்களும் வந்திருக்கீங்களா!" என்று அப்பா ஆச்சரியப்பட்டார். எந்த நாடகக் கொட்டகையிலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவு மோசமான நடிப்பு.

கீழே கல்யாண மகால், நெற்களஞ்சியம், ஆனைக்குளம் எல்லாம் பார்த்தோம். அதுவரை சுகம்தான். ராஜகிரி மலையில் படி ஏற ஆரம்பித்ததும் நான் அக்காவை ஒட்டியே நடந்தேன். அக்கா தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். மூச்சு முட்டும்போதெல்லாம் நின்று, கீழே எதையாவது காட்டி, "அது இன்னாப்பா?" என்பாள். அவளுக்கு மூச்சு திரும்பும்வரை அப்பா ராஜா கதை சொல்வார். பாதிக்கு மேல் அவரே இட்டுக்கட்டியவை. இல்லாத ராணிகளுக்கெல்லாம் அன்றைக்கு அந்தப்புரம் கட்டிக்கொடுத்தார்.

"பொண்ணுக்கு எத்தினி ஆசை பாரேன், ஒண்ணு விடாம கேட்டுக்கினு வருது" என்று அந்த அம்மா தம்பியிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பள்ளத்தின்மேல் போட்ட பாலத்தைத் தாண்டும்போது அக்கா என் கையைப் பிடித்தாள். நகம் சதையில் பதிந்தது. உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. அந்த இரைச்சலில் அவள் நெஞ்சின் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. அப்பா முகத்தில் வெற்றி. எனக்கு அவரைப் பிடித்துத் தள்ளிவிடலாமா என்றிருந்தது.

இறங்கியதும் அந்த அம்மா, "அப்படியே உங்க வூட்டையும் பாத்துட்டு, பேச்ச முடிச்சிக்கினு போறோங்க" என்றார். எல்லோரும் திண்டிவனம் பஸ்ஸில் ஏறினோம். அக்காவை அவரே பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். நான் அக்காவுக்கு மறுபக்கம். அப்பா பின்னால்.

பஸ் தூசியில் அக்காவுக்கு இழுப்பு ஏறியது. இன்ஜின் சத்தம் அதை மறைத்துக்கொண்டிருந்தது. பாதி வழியில், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமென்று டிரைவர் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். எல்லாம் அமைதியாகிவிட்டது. உடனே அப்பா பெருங்குரலில் பேச ஆரம்பித்தார். மண்டி விலை, மழை, திரும்பவும் ராஜா கதை. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மூச்சைப் பிடித்துப் பிடித்து அக்காவின் உதடு கறுத்துப்போயிருந்தது.

"எனக்கு இழுப்பு இருக்குதுங்க" என்றாள் அக்கா, அந்த அம்மாவைப் பார்த்து. "மழை நாள்ல படுக்க முடியாதுங்க. ஒக்காந்துக்கினேதான் தூங்குவேன். இப்பவும் இழுத்துக்கினுதான் கீது. அப்பா பேச்ச நிறுத்தினா உங்களுக்கே கேக்கும்."

அப்பா நிறுத்தினார். கீச்கீச்சென்று அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அந்த அம்மா அக்காவின் பக்கம் திரும்பி, "கேள்விப்பட்டோம்மா. நீ மலை ஏறினதப் பாத்து, எவனோ பொறாமக்காரன் கெளப்பிவுட்டதுன்னு நெனச்சேன்" என்றார். ஜன்னல் பக்கம் அக்காவை மாற்றி உட்காரவைத்தார். இரவிக்கை நாடாவைத் தளர்த்திவிட்டு, முதுகைத் தடவிக்கொடுக்க ஆரம்பித்தார். திண்டிவனம் வரும்வரை அந்தக் கை நிற்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவர் தம்பி, "விழுப்புரம் வண்டி எங்க நிக்கும்?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா கையைக் காட்டினார். அவ்வளவுதான், எங்கள் வீட்டுக்கு வராமலே ஊருக்குப் போய்விட்டார்கள்.

வீட்டில் அம்மா வடை சுட்டு வைத்திருந்தாள். அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் வெளியே போய்விட்டார். நான் அக்காவுக்குப் பரிந்து, அந்தக் கோலியனூர்க்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அக்கா தடுத்தாள்.

"வேணான்னு போனது பரவால்லடி" என்றாள். "முதுகத் தடவாம போயிருக்கலாம்."