கூட என்றால் எது கூட?

கராஜ் வேலையில் கையில் பிடித்த அழுக்கைச் சவுக்காரம் எடுத்துவிடும், மூக்கில் ஏறின பெற்றோல் மணத்தை எதுவும் எடுக்காது. கராஜ்காரரைக் கட்டின சகோதரிகளுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். சண்டைக்குப் பயந்து சம்பூரில் இருந்து வெளிக்கிட்ட வருசங்களில் பள்ளிக்கூடமும் ஒரு இடத்தில் நிற்கவில்லை, நாங்களும் நிற்கவில்லை. ஆட்களோடு கதைக்கவே கூச்சப்படுகிற நான், பாலையூற்றில் வீட்டோடு ஒட்டின என்ட வீட்டுக்காரரின் கராஜுக்கு வந்த ஒரு காருக்குள் ஏறி இருந்து கத்த வேண்டி வந்தது.

வெள்ளைத் துணி

அந்தக் காரைக் கொண்டுவந்தவர் கிண்ணியா றிஸ்வான் நானா. துறைமுகப் பக்கம் படகுகளுக்கு வெல்டிங் செய்கிறவர். பழைய சின்னக் கார் ஒன்றுக்கு வேறொரு காரின் எஞ்சினை இறக்கி, டர்போவும் பூட்டி, வீட்டு முற்றத்தில் வைத்து நாலு வருசமாகத் தன் கையாலேயே செய்திருக்கிறார். டர்போ எஞ்சினுக்குள் காற்றை அடித்து ஏற்றும். காற்றுக் கூடினால் பெற்றோலும் கூட வேண்டும், ஆனால் அளவோடு. இந்தக் காருக்கு அளவு தெரியாது. அக்ஸிலேற்றரை மிதித்தவுடன் கறுப்புப் புகையாய்க் கக்கியது. கொடியில் காய்ந்த மகளின் துணியெல்லாம் புள்ளி புள்ளியாய்க் கரி.

அந்தக் கிழமைதான் ஏஜென்ட் ஒருத்தர் கட்டாரில் கராஜ் வேலை இருக்கென்று என்ட வீட்டுக்காரரைக் கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை பதில் சொல்லவேண்டும். இந்தக் காரைச் சரியாக்கினால் ஆட்கள் தேடி வருவார்கள், இஞ்சயே நிற்கலாம். ஏலாவிட்டால் போகிறதுதான் என்று இவர் என்னிடம் சொல்லிவிட்டார். மகளுக்குப் பத்து மாதம். நான் துணியை எடுத்துத் திரும்பத் தோய்த்தேன். றிஸ்வான் நானா வேலிக்கு அங்கால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "கோவிக்காதீங்க தங்கச்சி. நாலு வருஷமா என்ட பொஞ்சாதியும் இதத்தான் தோய்க்கிறா."

வராத குரல்

இவர் காருக்குள் சின்ன மீற்றர் ஒன்றை ஒட்டினார். பெற்றோலும் காற்றும் என்ன அளவில் எரியுது என்று அது நம்பரில் காட்டும். அழுத்தி மிதிக்கிற நேரம் பதினொன்றரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் நிற்கவேண்டுமாம். இந்தக் கார் பத்துக்குக் கீழே கிடந்தது. கார் ஓடுகிறவர் ரோட்டைப் பார்க்கவேண்டும், மீற்றரை வாசிக்க இன்னொரு ஆள் வேண்டும். கராஜில் வேறு ஆள் இல்லை. பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் குடுத்துவிட்டு நான் ஏறினேன்.

சீனக்குடாப் பக்கம் நேர் ரோட்டில் மிதித்தார். "ஒன்பது புள்ளி எட்டு... ஒன்பது புள்ளி ஆறு..." என்று வாசித்தேன். எஞ்சின் இரைச்சலில் என்ட குரல் எனக்கே கேட்கவில்லை. மூன்று தரம் ஓடியும் அப்படித்தான். கடைசியில் காரை ஓரமாக நிறுத்தினார். முகத்தில் கோவம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "மீற்றருக்குக் கேட்டாப் போதாது, எனக்கும் கேக்கவேணும்."

கூடுது

அடுத்த நாள் லப்டொப்பைக் காரோடு இணைத்துப் பெற்றோலைக் குறைத்துவிட்டு மிதித்தார். நம்பர் ஏறத் தொடங்கியது. பன்னிரண்டைத் தாண்டியது. "கூடவோ?" என்று கேட்டார். இந்தமுறை நான் உண்மையாகவே கத்தினேன். "ஓம், கூட!" காரை நிறுத்தி இன்னும் குறைத்தார். திரும்ப மிதித்தார். பதின்மூன்று. "இப்பவும் கூடவோ?" "முந்தினதிலும் கூட! இன்னும் கூடுது!" சொல்லி வாய் மூடவில்லை, தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி எஞ்சினுக்குள் ஒரு சத்தம். சட்டென்று காலை எடுத்தார். கராஜ் வரைக்கும் உருட்டுகிற வேகத்தில்தான் வந்தோம்.

எஞ்சினில் தீப்பொறி அடிக்கிற பிளக்கைக் கழற்றினார். கரியாய்க் கிடந்த நுனி வெள்ளை வெளேரென்று இருந்தது, ஓரம் உருகியிருந்தது. அதற்குப் பிறகுதான் விளங்கப்படுத்தினார். ஒரு பங்கு பெற்றோலுக்கு எத்தனை பங்கு காற்று என்றுதான் அந்த மீற்றர் எண்ணுது. நம்பர் கூடினால் பெற்றோல் குறைவு. கராஜில் கூட என்றால் பெற்றோல் கூட. நான் கத்தினது நம்பர் கூட. நான் கத்தக் கத்த, இவர் காய்ந்துபோன எஞ்சினுக்கு இன்னும் பெற்றோலைக் குறைத்திருக்கிறார். இன்னும் கொஞ்சம் மிதித்திருந்தால் பிஸ்டன் உருகியிருக்கும், கட்டார்ப் பயணமும் உறுதியாகியிருக்கும். அந்தப் பிளக்கை என்ட உள்ளங்கையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "இஞ்ச பாரும், நீர் கூட எண்டது எதை?"

கறுப்பும் வெள்ளையும்

அன்று பின்னேரம் ஏஜென்ட் போன் எடுத்தார். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றார் இவர். அந்தக் குரலில் யோசனை ஒன்றும் மிச்சம் இல்லாத மாதிரி எனக்குப் பட்டது. குசினிக்குள் போய் நின்றேன். அழுகை வரவில்லை. ஒரு சொல்லாலே இவ்வளவும் நடந்ததென்றால் அந்தச் சொல்லை விட்டுவிட்டால் என்ன என்றுதான் யோசித்தேன்.

கரிபிடித்த பழைய பிளக் ஒன்றையும் உருகின வெள்ளைப் பிளக்கையும் எடுத்துக்கொண்டு வந்து இவருக்கு முன்னால் வைத்தேன். "இனிமேல் கூட, குறைய எண்ட கதை வேண்டாம். பெற்றோல் கூடினாக் கறுப்பு எண்டு கத்துவன், குறைஞ்சா வெள்ளை எண்டு கத்துவன். வெள்ளை எண்டு கேட்ட உடனே காலை எடுங்கோ." இவர் இரண்டு பிளக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீர் இவ்வளவு கதைப்பீர் எண்டு கலியாணத்துக்கு முந்தி ஒருத்தரும் சொல்லேல்ல."

நுரை

பிளக்கை மாற்றி, குறைத்த பெற்றோலைத் திரும்பப் பழையபடி விட்டு ஓடினோம். "கறுப்பு! ஒன்பதரை!" அடுத்த ஓட்டம், அதே மிதி. "கறுப்பு! பத்தரை!" மூன்றாவது திரும்பவும் ஒன்பதரை. "ஒரே மாதிரி மிதிக்க ஏன் வேற வேற நம்பர் வருது?" என்று கேட்டேன். மடைத்தனமான கேள்வியோ என்று பயந்துதான் கேட்டேன். இவர் காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி விளங்கப்படுத்தினார். கணக்குப் பிழையென்றால் ஒவ்வொரு தரமும் ஒரே பிழைதானே வரவேண்டும். எங்கேயோ காற்று ஒழுகுது. உள்ளே வருகிற காற்றை வாசலில் வைத்து அளந்துதான் கார் பெற்றோல் விடுது. அளந்த காற்று வழியில் வெளியே போனால் பெற்றோல் மிச்சம், அதுதான் கறுப்புப் புகை.

காற்றுக் குழாயின் வாயை அடைத்து, கொம்ப்ரஸரால் காற்று அடித்தார். நான் சவுக்காரத் தண்ணியை நுரைக்க அடித்துப் பிறஷால் மூட்டு மூட்டாய்ப் பூசினேன். மூட்டுகளில் ஒன்றும் இல்லை. டர்போவுக்குப் பக்கத்து றப்பர் குழாயின் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கைவிட்டுத் தடவினேன். விரலில் நுரை கொப்பளித்தது. அது படகு எஞ்சினுக்குத் தண்ணி போகிற குழாய். றிஸ்வான் நானா கையில் கிடைத்ததை வெட்டிப் பூட்டியிருக்கிறார். டர்போவின் சூட்டிலும் எண்ணெயிலும் அது ஊறி, அடியால் கிழிந்து, மிதிக்கிற நேரம் வாயைத் திறக்கிறதும் மூடுகிறதுமாக இருந்திருக்கு. நானாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். குனிந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார். "படகுல இந்தக் குழா பத்து வருஷம் நிக்கும் தங்கச்சி. படகு அதுக்குள்ள தண்ணியத்தான் உட்டிச்சு, நான்தான் டர்போப் பேயக் கட்டி உட்டுட்டன்."

வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை காலையில் டர்போவுக்கென்றே உள்ள குழாயைப் பூட்டி ஓடினோம். பதினொன்றரை. மிதிக்க மிதிக்கப் பதினொன்று புள்ளி ஏழு. "கறுப்பும் இல்ல, வெள்ளையும் இல்ல!" என்று கத்தினேன், ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். றிஸ்வான் நானா கிண்ணியாப் பாலம் வரைக்கும் காரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்து, காருக்குப் பின்னால் போய், புகைக் குழாயின் வாயைச் சட்டைப் பையில் இருந்த வெள்ளை லேஞ்சியால் துடைத்துப் பார்த்தார், முந்தின மாதிரிக் கரி ஒட்டவில்லை. பிறேக்கையும் நீங்களே பாருங்க என்று காரை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போனார்.

அவர் போய்ச் சேர முந்தி ஏஜென்ட் போன். இவர் கையெல்லாம் எண்ணெய். நான்தான் போனை இவர் காதோடு பிடித்தேன், அதனால் இரண்டு பக்கமும் எனக்குக் கேட்டது. முடிவு என்ன என்று அந்தப் பக்கம் கேட்டது. இவர் என்னைப் பார்க்கவில்லை, முன்னால் நின்ற காரைப் பார்த்தபடி சொன்னார்: "இந்தமுறை ஏலாது அண்ணை. அடுத்தமுறை ஆள் எடுக்கேக்க மறக்காமல் கேளுங்கோ."

எஞ்சினுக்குள் எது கூட, எது குறைவு என்று சொல்ல மீற்றர் வந்துவிட்டது, வீட்டுக்காரர் இன்னும் எவ்வளவு காலம் வீட்டில் நிற்பார் என்று சொல்லத்தான் ஒன்றும் வரவில்லை, வந்தால் அதையும் கத்தி வாசிக்க நான் இருக்கிறேன்.