வாறன் என்று சொன்னவர்

என் வாய் பொல்லாதது. என் கணவர் பிரதாபன் சொல்வார், என் தங்கை சொல்வாள், என்னோடு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவர்கள் சொல்லாவிட்டாலும் நினைப்பார்கள். நினைக்கட்டும். ஆனால் செல்வரத்தினம் அண்ணையைப் பற்றிச் சொல்வதென்றால் இந்த வாயிலிருந்துதான் தொடங்கவேண்டும். வேறு வழியில்லை.

அண்ணை லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள தமிழ்க் கடையில் மீன் வெட்டுகிறவர். வயது அறுபத்திரண்டு. ஜேர்மனியில் பதினொரு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவி, அந்த நாட்டுப் பாஸ்போட் கிடைத்ததும் லண்டனுக்கு வந்தவர். தனி ஆள். அறக்குளா மீன் வாங்கினால் "குழம்புக்கோ, பொரிக்கவோ?" என்று கேட்காமல் கத்தியைத் தொடமாட்டார். தலையை வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், உங்களுக்காக அவர் கவலைப்படுவார்.

அந்த மனிதனுக்கு ஒரு சொல் வராது. "இல்லை" என்ற சொல். கோயில் திருவிழா ரிக்கெற், தமிழ்ப் பள்ளிக்கூட அதிர்ஷ்டச் சீட்டு, யாரோ ஒருவருடைய பிள்ளை ஓடுகிற ஓட்டத்துக்கு நன்கொடை என்று கடைக்குள் எந்தப் பிள்ளை கடதாசியோடு வந்தாலும் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு காசை எடுப்பார். பிஸ்கற் விற்கும் காலம் வந்தால் கேட்கவே வேண்டாம். அவருக்குச் சீனி வருத்தம். வாங்கின பிஸ்கற்றை அடுத்த நிமிடமே வேறு யாருக்காவது நீட்டிவிடுவார்.

"ஏன் அண்ணை, தின்னாத சாமானுக்குக் காசைக் கொட்டுறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பிள்ளையள் வந்து கேக்கேக்கை எப்பிடித் தங்கச்சி இல்லையெண்டுறது?" என்றார்.

போன நவம்பரில் என் மகள் ஹம்சினியின் முறை வந்தது. எட்டு வயது. வெள்ளிக்கிழமைகளில் தேவாலய மண்டபத்தில் கூடுகிற சிறுமிகள் குழுவில் இருக்கிறாள். கோடையில் முகாமுக்குப் போகக் காசு சேர்க்கிறார்களாம், ஆளுக்குப் பன்னிரண்டு பைக்கற் பிஸ்கற். நான் ஒன்றுகூட வாங்கவில்லை. தாய் வாங்கினால் அது என்ன விற்பனை? நீயே விற்றுக் காட்டு என்று சொல்லிவிட்டேன். அவளும் என் மகள்தானே, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் கடை வாசலில் மேசை போட்டார்கள். குழுவை நடத்துகிற ஏஞ்சலா ஹம்சினி உட்பட மூன்று பிள்ளைகளோடு நின்றார். நாலரைக்கு நான் போனபோது நன்றாக இருட்டிவிட்டது. வெங்காயமும் தேங்காய்ப்பாலும் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று ஏஞ்சலாவுக்குக் கையைக் காட்டிவிட்டுக் கடைக்குள் போனேன். வரிசை நீளம். காசு கொடுத்து வெளியே வந்தேன். மேசையை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஹம்சினியைக் காணவில்லை.

"உள்ளே உங்களிடம்தானே ஓடி வந்தாள்?" என்றார் ஏஞ்சலா. "அம்மா உள்ளே நிற்கிறார் என்று சொன்னாள். நானும் உங்களைப் பார்த்தேன், அதனால்தான் விட்டேன்."

என்னிடம் வரவில்லை.

கையிலிருந்த பை எங்கே போனதென்று தெரியாது. கடையின் நாலு வரிசையிலும் ஓடினேன். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் பார்த்தேன். வெளியே ஓடி பஸ் தரிப்பு, பக்கத்துச் சலூன், தெருவைக் கடக்கிற விளக்கு எல்லாம் பார்த்தேன். ஹம்சி, ஹம்சி என்று நான் கத்தியது எனக்கே வேறு யாரோ கத்துவது போலக் கேட்டது. அந்தத் தெருவில் கார்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போகும். எட்டு வயதுப் பிள்ளை.

கடை முதலாளி வைத்தியநாதன் கல்லாவிலிருந்து எழும்பி வந்தார். "பிஸ்கற் பிள்ளையோ? செல்வரத்தினத்தோடை கதைச்சுக்கொண்டு பின்பக்கம் போனதைக் கண்டனான். அவர் வேலை முடிஞ்சு போயிட்டார்."

"பின்பக்கம் பாத்தனீங்களோ?"

"களஞ்சிய அறையைப் பாத்திட்டன், ஒருத்தரும் இல்லை. பின்கதவு பூட்டித்தான் கிடக்கு."

என் தலைக்குள் அந்த நேரம் என்னென்ன ஓடியது என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. தனி ஆள். எந்நேரமும் பிள்ளைகளுக்கு எதையாவது வாங்கிக் கொடுக்கிறவர். இத்தனை வருடம் நல்ல குணம் என்று பட்டதெல்லாம் ஒரு நிமிடத்தில் வேறு மாதிரித் தெரிந்தது. பொலிசுக்குப் போன் அடித்தேன். வைத்தியநாதன், செல்வரத்தினம் அண்ணைக்குப் போன் அடித்தார். அவர் பஸ்ஸில் இருந்தாராம், இறங்கி ஓடி வருகிறேன் என்றாராம்.

பத்து நிமிடத்தில் வந்தார். மூச்சு வாங்குகிறது, தொப்பி ஒரு பக்கம். தனியாக வந்தார். பிள்ளை கூட இல்லை. அவ்வளவுதான், என் வாய் திறந்துவிட்டது.

"என்ரை பிள்ளையை எங்கை கொண்டுபோய் விட்டனீ? சொல்லு! என்ன செய்தனீ?"

நீ என்று சொன்னேன். ஏழு வருடமாக நீங்கள் என்று கதைத்த மனிதனை, என் தகப்பன் வயதுக்குக் கிட்ட நிற்கிற மனிதனை. நீர் என்றுகூட இல்லை, நேரே நீ. கடைக்குள் இருபது பேர் நின்றார்கள். அதில் பாதிப்பேர் தமிழ். இரண்டு பேர் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தார்கள்.

அண்ணை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை, அதுதான் பெரிய கரைச்சல். "என்னட்டைக் கடைசிப் பைக்கற்றைக் கொண்டு வந்தவ," என்றார். "கையிலை காசில்லை, கார்ட் மட்டும்தான். அங்கை கார்ட் எடுக்கேலாதாம். இல்லையெண்டு சொல்ல வரேல்லை, தங்கச்சி. சரி பிள்ளை, வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் பின்கதவாலை..."

பாதியில் நின்றது பேச்சு. என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். மீன் வெட்டும் இடம், களஞ்சியம், குளிர்அறை எல்லாம் தாண்டிப் பின்கதவின் இரும்புப் பிடியை இழுத்தார். நான் பின்னால் ஓடினேன்.

அது உள்ளிருந்து மட்டும் திறக்கிற கதவு. அந்தப் பக்கம், மீன் பெட்டிகள் அடுக்கிவைத்த ஒடுங்கிய முற்றத்தில், குளிர்அறை மோட்டார் இரைகிற இடத்தில், கம்பளித் தொப்பியோடு ஹம்சினி நின்றாள். இரண்டு கையாலும் பைக்கற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம். வரவில்லையே என்று எட்டிப் பார்க்க வெளியே வந்தாளாம், கதவு தானாகச் சாத்திக்கொண்டதாம். தட்டினாளாம், மோட்டார் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

"வாறன் எண்டு சொன்னவர்," என்றாள் என்னிடம், நான் அவளை இறுக்கிப் பிடித்து அழும்போது. "அதுதான் நிண்டனான்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாங்கள் யாரும் விடைபெறும்போது "போறன்" என்று சொல்லமாட்டோம். போனவர் திரும்பாமல் போய்விடுவார் என்ற பயத்தில் வாறன் என்றுதான் சொல்வோம். நான் தினமும் காலையில் "வாறன்" என்று அவளுக்குச் சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறேன், மூன்றரைக்குச் சொன்னபடி வந்து நிற்கிறேன். லண்டனில் பிறந்த என் பிள்ளைக்கு வாறன் என்றால் வருவேன் என்றுதான் அர்த்தம். அவள் மேல் என்ன பிழை?

பொலிஸ் வந்தது. பிள்ளை கிடைத்துவிட்டாள் என்று சொல்லியும் அண்ணையின் பெயரையும் விலாசத்தையும் கேட்டு எழுதினார்கள். அவர் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், யாரும் கழற்றச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஹம்சினியையும் கூட்டிக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்க ஒரு கிழமையாக வீட்டில் ஒத்திகை பார்த்திருந்தேன். மீன் தட்டுக்கு முன்னால் போய் நின்றேன். "அண்ணை, அண்டைக்கு நான்..." என்றேன்.

"குழம்புக்கோ, பொரிக்கவோ?" என்றார் அவர்.

வெட்டிக் கழுவிப் பையில் போட்டுத் தந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து நாலாய் மடித்த ஐந்து பவுண் தாளை எடுத்து ஹம்சினியிடம் கொடுத்தார். அந்தக் கடைசிப் பைக்கற்றை அவள் அதுவரை யாருக்கும் விற்கவில்லை. அதை வாங்கி, அவள் கையிலேயே திரும்ப வைத்தார். நாலரை ஆகிவிட்டது. ஏப்ரனைக் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டு மேல்கோட்டைப் போட்டார். முன்வாசலால் போக வந்தவர், ஹம்சினிக்கு முன்னால் குனிந்து நின்றார்.

"பிள்ளை, நான் வீட்டை போறன். விளங்குதோ? போறன்."

நான் குறுக்கே போனேன். "ஐயோ அண்ணை, அப்பிடிச் சொல்லாதேங்கோ! வாறன் எண்டு சொல்லுங்கோ!"

"பிள்ளை நிண்டிடும், தங்கச்சி," என்றார் அவர்.

இன்றுவரை எங்கள் இருவருக்கும் அவர் போறன் என்றுதான் சொல்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் நாலரைக்கு அவருக்குப் பின்னால் முன்கதவு சாத்துகிற வரை நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.