மயில்வாகனத்தின் பெரிய கேமரா

வேலாயுதத்துக்கு மயில்வாகனத்தின் மேல் மூன்றரை வருஷத்து மனத்தாங்கல் ஒன்று இருந்தது. மகள் இளவரசியின் கல்யாண ஆல்பத்தை யார் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார். தாலி கட்டும் படம் இருக்கிற பக்கம் வரும்போது மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார். அந்தப் படத்தில் மாப்பிள்ளை குமரனின் விரல் எது, மகளின் கழுத்து எது என்று தெரியாமல் இரண்டும் கரைந்து கிடக்கும். பின்னால் உட்கார்ந்திருந்த தவில்காரர் விரல்களில் மாட்டியிருந்த கூடுகளை மட்டும் ஒன்று, இரண்டு என்று எண்ணலாம், அவ்வளவு தெளிவு.

வேறு எவன் எடுத்திருந்தாலும் திட்டிவிட்டு மறந்திருப்பார். எடுத்தவன் மயில்வாகனம். மூங்கில் மண்டபத்துப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்தவன். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டியிருக்கும்போது போகிற போக்கில் ஒரு பார்வை பார்த்து, எந்த இழை அறுந்திருக்கிறது என்று கைகாட்டுகிற கண் அவனுக்குச் சின்ன வயதிலேயே இருந்தது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு தறியில் உட்காராமல் கேமராவைத் தூக்கினான். இருபத்திரண்டு வருஷம் அவன் எடுத்த கல்யாணங்களிலெல்லாம் பக்கத்தில் லைட் பிடித்தது வேலாயுதம்தான். ஐந்தாம் வகுப்போடு நின்ற வேலாயுதத்துக்கு அதுதான் தொழில். மற்ற லைட்காரர்கள் மேடை முழுக்க வெளிச்சத்தைக் கொட்டுவார்கள். வேலாயுதத்தின் லைட் தாலி போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போகும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கை அப்படிப் பழகிவிட்டது.

மகள் கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவன் லைட் பிடிக்க முடியுமா? பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மேடையில் நின்றார். லைட்டுக்கு அந்தோணி என்று வேறொருவன் வந்தான். படம் போயிற்று.

“ஊருக்கெல்லாம் எடுத்தியே, எம் பொண்ணுக்கு எடுக்கத்தான் உனக்குக் கை வரலியாடா?” என்று ஸ்டுடியோ வாசலில் நின்று கத்தினார்.

“தப்பாயிடுச்சு வேலு,” என்றான் மயில்வாகனம். எப்படித் தப்பானது என்று கேட்டதற்குத் துணியை எடுத்து லென்ஸைத் துடைக்கப் போய்விட்டான்.

அன்றோடு வேலாயுதம் அவனுக்கு லைட் பிடிக்கப் போகவில்லை. வேறு ஸ்டுடியோக்காரர்களுக்குப் பிடித்தார். மயில்வாகனத்தின் படங்களைப் பற்றி அதற்குப் பிறகு ஊரில் குறை வராத முகூர்த்தமில்லை. கல்யாணங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போய், கடைசியில் பட்டுக் கடைகளுக்குப் புடவையை விரித்துப் போட்டு, கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி எடுக்கிற வேலைதான் மிஞ்சியது. கேள்விப்பட்ட வேலாயுதத்துக்கு உள்ளுக்குள் கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது. படட்டும் என்று நினைத்தார்.

2009, ஆனி மாதம். மயில்வாகனத்தின் மனைவி ஏலவார்குழலி வீடு தேடி வந்தாள்.

“அண்ணா, அவரு மெட்ராஸ் போயி புதுக் கேமரா எடுக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. தனியா அனுப்ப முடியாது. நீங்க கூடப் போங்கண்ணா.”

“ஏம்மா, உன் வீட்டுக்காரனுக்கு பஸ் ஏறத் தெரியாதா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவரே சொல்லுவாரு. போங்கண்ணா.”

போனார். பஸ் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியது. பிறகு வேலாயுதம்தான் முறைப்பாகக் கேட்டார்.

“அப்பிடி என்னாடா கேமரா?”

“ஃபுல் ஃப்ரேம். பழைய ஃபிலிம்ல ஒரு படம் எவ்ளோ பெரிசோ அவ்ளோ பெரிசு தகடு உள்ள இருக்கும். நம்ம பழைய லென்ஸே மாட்டிக்கலாம்.”

“புடவைய விரிச்சுப் போட்டு எடுக்கறதுக்கு அது வேற கேடா?”

மயில்வாகனம் சிரித்தான். கோபித்துக்கொண்டிருந்தால் வேலாயுதத்துக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

கடையில் சிட்டிபாபு என்ற விற்பனையாளர் மூன்று கேமராக்களை வரிசையாக வைத்தார். மெகா பிக்சல், வேகம், இருட்டில் எடுக்கிற திறமை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புராணம் படித்தார். மயில்வாகனம் எதையும் காதில் வாங்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக் கண் வைத்துப் பார்க்கிற கண்ணாடியில் கண்ணைப் பதித்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். அரை மணி நேரம் இதே கூத்து. விலை குறைந்த சின்னக் கேமராவை, “இது சாவித் துவாரம் மாதிரி இருக்குதுபா,” என்று தள்ளினான். ஃபுல் ஃப்ரேமை எடுத்தால் மட்டும் கீழே வைக்க மனசு வரவில்லை. “இது ஜன்னலு,” என்றான்.

“சார், ஆட்டோ ஃபோகஸ் இருக்குது. நீங்க லென்ஸைத் திருகவே வேணாம்,” என்றார் சிட்டிபாபு.

“தாலி கட்டறப்ப முன்னால அட்சதை பறக்கும்பா. உன் மெஷினு அரிசியப் பிடிச்சுக்கினு நிக்கும்.”

பிறகு வேலாயுதத்தை வாசலில் நிற்கச் சொன்னான். ஃபுல் ஃப்ரேமில் தன் பழைய லென்ஸை மாட்டி, நிதானமாகத் திருகித் திருகிப் பத்துப் படம் எடுத்தான். சிட்டிபாபு அவற்றைக் கம்ப்யூட்டரில் போட்டார். மூன்றில்தான் வேலாயுதத்தின் முகம் முகமாக இருந்தது. மற்ற ஏழும் இளவரசியின் ஆல்பத்தில் பார்த்த அதே கரைசல்.

“எத்தினி நல்லாருக்குது?” என்று கேட்டான் மயில்வாகனம். கம்ப்யூட்டர் அவனுக்கு ஒரு முழ தூரத்தில்தான் இருந்தது.

வேலாயுதம் திரும்பி அவன் கண்களைப் பார்த்தார். “மூணு. ஏண்டா, உனக்குத் தெரியலியா?”

“மூணா? சின்னக் கேமராவுல ஒண்ணுகூட வராது.” குரல் தாழ்ந்தது. “சர்க்கரை கண்ணுக்கு ஏறிடுச்சு வேலு. இப்ப இல்ல, அஞ்சாறு வருசமாச்சு. நீ லைட் பிடிச்சா தாலிகிட்ட மினுக்குனு ஒரு பொட்டு தெரியும். அது கூர்மையாவுற வரைக்கும் திருகி, அமுக்கிடுவேன். உம் பொண்ணு கல்யாணத்துல அந்தப் பொட்டு இல்ல. அந்தோணி மேல தப்பில்ல, அவன் எல்லாரையும் போலப் பிடிச்சான்.”

“அப்பவே சொல்லித் தொலைக்கறதுக்கு என்னாடா?”

“கண்ணு தெரியாத போட்டோகிராபர்னு சொன்னா எவன் கூப்பிடுவான்? உங்கிட்ட சொல்லியிருக்கலாம். நீ அவ்ளோ கத்தினப்புறம் வாய் வரல.”

தான் கோபித்துக்கொண்டு போன பிறகுதான் கல்யாணங்கள் ஒவ்வொன்றாகப் போயின என்பது வேலாயுதத்துக்கு அங்கே நின்றுகொண்டிருக்கையில் உறைத்தது. அவர் எடுத்துக்கொண்டு போனது வெறும் லைட் இல்லை. படட்டும் என்று நினைத்த நினைப்பு நெஞ்சில் முள்ளாக நின்றது.

“அப்ப இந்தக் கேமரா எதுக்குடா?”

“ஆடிப்பெருக்குக்கு இளவரசி வருவா இல்ல? உங்க வீட்ல மாப்பிள்ள கையாலதானே புதுக் கயிறு கட்டுவீங்க. ஒரே ஒரு படம் வேலு. கண்ணு இருக்கச்சொல்ல எடுத்துடறேன்.”

பெரிய கேமராவையே எடுத்துக்கொண்டு திரும்பினார்கள்.

ஆடிப் பதினெட்டு, காலை. ஐயம்பேட்டையிலிருந்து இளவரசியும் குமரனும் வந்திருந்தார்கள். வேலாயுதம் மூன்றரை வருஷத்துக்குப் பிறகு மயில்வாகனத்தின் பக்கத்தில் லைட்டோடு நின்றார். அவனுக்கு ஆனியில் இருந்த கண் ஆடியில் இல்லை. நடுவில் இடது கண்ணில் ரத்தம் கசிந்து, வலது கண்ணை வைத்துத்தான் வாசல்படியையே தாண்டினான்.

“ஆட்டோவுல போடுடா மயிலு. அட்சதை எதுவும் இல்ல இன்னிக்கு,” என்று கெஞ்சினார்.

“அப்பிடின்னா அது கேமரா எடுத்த படமாயிடும். அன்னிக்குக் கோட்டை விட்டது என் கை. என் கைதான் எடுக்கணும். நீ லைட்ட ஆட்டாம பிடி.”

குமரன் மஞ்சள் கயிற்றைக் கட்டினான். லைட் தாலியோடு போயிற்று. மயில்வாகனம் மூச்சை அடக்கித் திருகினான், அமுக்கினான். பதினோரு படம். பிறகு கேமராவின் முதுகிலிருந்த திரையை வேலாயுதத்தின் பக்கம் திருப்பிக் காட்டினான்.

“வந்துச்சாடா?”

வேலாயுதம் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பின்சுவரில் தொங்கிய காலண்டரில் தேதி பளிச்சென்று வந்திருந்தது. மகளும் மருமகனும் தாலியும் எல்லாம் கரைசல். பதினொன்றும் அப்படித்தான்.

“வந்துச்சு.”

“தாலி?”

“தெரியுது.”

“குமரன் விரலு?”

“நகக்கண்ணுகூடத் தெரியுதுடா.”

இளவரசி எட்டிப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். “ரொம்ப நல்லா வந்திருக்குது மாமா,” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். மயில்வாகனம் பிள்ளைபோலச் சிரித்தான். அந்தப் பெரிய கேமராவை வாங்கி வந்த பிறகு அதில் அவன் எடுத்த மனுஷர் படம் அந்தப் பதினொன்றுதான்.

புரட்டாசியில் மயில்வாகனத்துக்குச் சிறுநீரகமும் கைவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வேலாயுதத்தின் குரலை வைத்து அடையாளம் கண்டு, கையைத் துழாவிப் பிடித்துக்கொண்டான். மறுநாள் போய்விட்டான். அதற்கு முன்னால் கேட்டது இது ஒன்றுதான்.

“வேலு, அந்தப் படத்தப் பெரிசா போட்டு, ஸ்டுடியோ முன்கண்ணாடியில மாட்டுடா. போறவங்க வர்றவங்க பார்க்கட்டும். கீழ எம் பேரு போடு. பக்கத்துலயே, லைட்டுன்னு உம் பேரையும் போடு.”