தீவுக்குப் போட்டுப்போன கவுன்

கடலைப் பார்க்க எங்களுக்கு யார் தயவும் வேண்டியதில்லை. எங்கள் வீடிருந்த காஜா பேராங்கிலிருந்து தெங்கேரா வரை நடந்தால் போதும், கடல் அங்கே கிடக்கும். கடலில் ஒரு சுற்றுப் போய் வரத்தான் அந்தக் காலத்தில் ஜப்பான்காரனின் தயவு வேண்டியிருந்தது. அந்தத் தயவு எங்கள் வீட்டுக்குக் கிடைத்தது அப்பாவின் இஸ்திரிப் பெட்டியால்.

அப்பா டோபிக்கடை வைத்திருந்தார். கடை என்றால் வீட்டின் முன்னறைதான். பின்னால் கிணறு, துவைகல், கொடிக்கயிறுகள். சண்டைக்கு முன்பு கணக்கெழுதும் கிராணிமார்கள் வீட்டுத் துணியும், ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸர் வீட்டுத் துணியும் வரும். ஜப்பான்காரர்கள் வந்த பிறகு அவர்களுடைய உடுப்பும் வந்தது. தெங்கேரா பங்களாவில் இருந்த ஓர் ஆபிசருக்கு அப்பா போடும் மடிப்பு பிடித்துப்போயிற்று. அவர்கள் ராஜாவின் பிறந்தநாளுக்கு, முன்பு மூவாருக்கு ஆளேற்றிப் போய்வந்த கப்பலில் வேலைக்காரர்களைக் குடும்பத்தோடு ஏற்றிக்கொண்டு, பூலாவ் பெசார் தீவைச் சுற்றிக் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடப்போவதாகத் தகவல் வந்தது. தகவல் கொண்டுவந்தவன் ஆபிசரின் துபாஷி. எந்த ஊரிலிருந்தோ அவர்களோடு வந்தவன், மலாய் பேசுவான், சைக்கிளைவிட்டு இறங்காமலே பேசுவான்.

அவன் போனதும் அப்பா அம்மாவிடம் சொன்னார். “நல்லா உடுத்திக்கிட்டு வரணுமாம். கந்தலோட வந்தா ஏத்த மாட்டானாம். பெரிய ஆளுங்கள்லாம் வர்றாங்களாம்.”

“சாப்பாடு?”

“வெள்ளச் சோறு போடுவாங்கன்னான்.”

அத்தோடு அம்மா சம்மதித்துவிட்டாள். மரவள்ளிக்கிழங்கை அவித்தும் அரைத்தும் ரொட்டியாகத் தட்டியும் தின்று எங்களுக்கு நாக்கே மரத்துப்போயிருந்த காலம் அது. உடுப்புதான் தொல்லை. அம்மாவின் சேலையில் ஒட்டு எது சேலை எது என்று கண்டுபிடிக்க முடியாது. எனக்கு மாவுச் சாக்கில் தைத்த கவுன். எத்தனை முறை துவைத்தும் முதுகில் இருந்த எழுத்து முழுசாக அழியவில்லை. ஊரார் துணியெல்லாம் வெளுத்து மடித்துத் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்த வீட்டில் நாங்கள் அப்படித்தான் திரிந்தோம்.

அம்மா அந்தத் தட்டுகளைப் பார்த்தாள். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது.

“வேணாம்லா. தொழிலுக்குன்னு ஒரு தர்மம் இருக்கு.”

“பிள்ளைக்குன்னு ஒரு வயிறு இருக்கு” என்றாள் அம்மா.

அன்று மாலையே நான் டிரஸர் வீட்டுப் பெண்ணின் நீலக் கவுனைப் போட்டுப் பார்த்தேன். வெள்ளைக் காலர், பின்பக்கம் வில்லாகக் கட்டுவதற்கு நீளமான இடுப்புப் பட்டை. அவள் என் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். என்னைவிட ஒரு வகுப்பு மேலே. எனக்குத் தோள் கொஞ்சம் தொளதொளத்தது, அவ்வளவுதான். கண்ணாடி இல்லாததால் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

கப்பலுக்கு முந்தைய நாள் டிரஸரம்மா எங்கள் வாசலுக்கு வந்தார். உயரமான பெண்மணி, அதிர்ந்து பேசமாட்டார்.

“என் பட்டுச் சேலையும் பாப்பா கவுனும் குடுத்துருங்க. நாளைக்கு ஒரு எடத்துக்குப் போகணும்.”

“இன்னும் காயலம்மா” என்றார் அப்பா. “மழ விட்டாத்தானே.”

டிரஸரம்மா வானத்தைப் பார்த்தார். வெயில் கண்ணைக் கூசவைத்தது. “சரி, காஞ்சதும் குடுங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். கதவுக்குப் பின்னால் நான் அவர் மகளுடைய கவுனோடு மூச்சுவிடாமல் நின்றிருந்தேன். எங்கே போகப்போகிறார் என்று அவரும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்கள் கதை வேறாக இருந்திருக்கும்.

மறுநாள் ஆற்றுமுகத்தில் கப்பலேறினோம். அப்பா யாரோ ஒரு கிராணியின் வெள்ளைக் கால்சட்டையில் இருந்தார். அம்மா டிரஸரம்மாவின் மயில்கழுத்து நிறப் பட்டில் இருந்தாள். அவ்வளவு அழகாக அம்மாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பலகையில் கால் வைத்து ஏறும்போது கொசுவத்தைத் தூக்கிப் பிடித்த விதத்தில், பிறந்ததிலிருந்தே பட்டு உடுத்தியவள் போலிருந்தாள். ஏறும் இடத்தில் நின்ற சிப்பாய்க்கு மூவரும் குனிந்து வணங்கினோம். பின்தட்டில் பெண்களுக்குப் போட்டிருந்த பெஞ்சில் நானும் அம்மாவும் உட்கார்ந்தோம். ஆண்களுக்கு முன்பக்கம்.

கப்பல் கரையைவிட்டு நகர்ந்து, நீர் பழுப்பிலிருந்து பச்சையாக மாறிக்கொண்டிருந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வழியிலிருக்கும் பூலாவ் ஊப்பே தீவு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அம்மாவின் விரல்கள் என் கையை இறுக்கின. எதிர்ப் பெஞ்சில், வெளுத்துப்போன ஒரு கைத்தறிச் சேலையில், டிரஸரம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பள்ளிக்கூடத்து உடுப்பில் அவர் மகள். டிரஸருக்கு ஆஸ்பத்திரியில் வேலை. தாயும் பிள்ளையும் மட்டும் வந்திருந்தார்கள்.

தரையாக இருந்தால் எழுந்து எங்காவது ஓடியிருப்போம். கடலில் எங்கே போவது? அம்மா முந்தானையை இழுத்துத் தோள்களைப் போர்த்தினாள். அதுவும் டிரஸரம்மாவின் முந்தானைதான். அவர் எங்களை ஒருமுறை பார்த்தார். காலிலிருந்து தலைவரை மெதுவாகப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்க்கத் தொடங்கினார். 

அவர் மகள் கடலைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்து நின்றாள்.

“அம்மா, அது என்னோட கவுன்!”

பெஞ்சிலிருந்த எல்லாரும் திரும்பினார்கள். “என்னோடதும்மா! பட்டைய பாருங்க!” என்று கையை நீட்டிக் கத்தினாள். அந்தச் சத்தத்துக்குத் துபாஷி வந்தான். அவனுக்குப் பின்னால் வாள் கட்டிய ஆபிசர் ஒருவர் வந்தார். எங்கள் ஆபிசர் இல்லை, வேறொருவர்.

துபாஷி என் காலரை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினான். டிரஸரம்மாவைப் பார்த்து மலாயில் கேட்டான்: “சூரி? திருட்டா?”

களவுக்கு அவர்கள் கொடுத்த தண்டனையைப் பட்டணத்துப் பாலத்தருகே எல்லாரும் பார்க்கும்படி வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அம்மா என் கண்ணைக் கையால் பொத்திவிடுவாள். அதனால் அங்கே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. துபாஷியின் கேள்வி எனக்கு அவமானமாக இருந்தது, அவ்வளவுதான். முன்பக்கத்தில் அப்பா எழுந்து நிற்பதும், நின்ற இடத்திலேயே நிற்பதும் தெரிந்தது. ஏன் வந்து பேசாமல் நிற்கிறார் என்று அவர்மேல் கோபம் வந்தது.

டிரஸரம்மா எழுந்தார். மகளின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். அவர் யாரையும் அடித்து யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். பிறகு ஆபிசரைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டு, துபாஷியிடம் நிதானமான மலாயில் சொன்னார். “அது அந்தப் பிள்ளையோட கவுன்தான். எம்மககிட்ட அந்த மாதிரி ஒண்ணு இருந்திச்சு, கிழிஞ்சுபோச்சு. பொறாமையில பொய் சொல்றா.”

துபாஷி அதை ஆபிசருக்குச் சொன்னான். ஆபிசர் ஏதோ சொல்லிச் சிரித்தார். துபாஷி அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். “பொய் சொன்னாய் அல்லவா? குனி. மன்னிப்புக் கேள்.”

அவள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். டிரஸரம்மா தலையசைத்தார். அவள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்து, இடுப்பை வளைத்து, தன் கவுனுக்கு முன்னால் குனிந்தாள். அவள் மூக்கு நுனியிலிருந்து கண்ணீர் பலகையில் சொட்டியது. நான் அவளுடைய வெள்ளைக் காலருக்குமேல் என் தலையை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு கணம், ஒரே கணம், டிரஸரம்மாவே சொல்லிவிட்டதால் அது என்னுடையதுதான் போலிருக்கிறது என்றுகூடத் தோன்றியது.

ஆபிசரும் துபாஷியும் அந்தப் பக்கம் போனதும் அம்மா அழத் தொடங்கினாள். பெஞ்சிலிருந்து சரிந்து டிரஸரம்மாவின் காலைத் தொடப்போனாள். டிரஸரம்மா அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தித் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“அழாத. அவன் இன்னும் இங்கிட்டுத்தான் பாக்கிறான். சிரி.”

அம்மா சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

“முந்தானைய அள்ளி மடியில போட்டுக்க” என்றார் டிரஸரம்மா, வாய் அசையாமல். “கம்பியில மாட்டினா ஜரிக பிரிஞ்சிரும்.”

பூலாவ் பெசாரைச் சுற்றினோம். தென்னைகள், பாறைகள், வெள்ளை மணல். எல்லாரும் ஆவென்று பார்த்தார்கள். ஆளுக்கொரு பொட்டலமாக உருட்டிய வெள்ளைச் சோறும் ஒரு துண்டு கருவாடும் கொடுத்தார்கள். அம்மா பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. டிரஸர் வீட்டுப் பெண் வாங்கவே மாட்டேன் என்றாள். அவள் தாய் அதை வாங்கி, என்ன நினைத்தாரோ, என்னிடம் நீட்டினார். நான் மூன்று பொட்டலத்தையும் தின்றேன். நன்றாக இருந்தது. இத்தனை வயதுக்குப் பிறகும் அந்தச் சோறு ருசித்ததைச் சொல்லத்தான் வாய் கூசுகிறது.

வீடு வந்து சேர்ந்ததும் அம்மா சேலையைத் தானே அலசினாள். அப்பா இஸ்திரி போட்டார். காலையில் இரண்டையும் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு டிரஸர் வீட்டுக்குப் போனவர், கவுனோடு திரும்பி வந்தார். “இத ஒன்னயவே வச்சுக்கச் சொல்லிட்டாங்க” என்றார். சேலையை மட்டும் வாங்கிக்கொண்டார்களாம்.

நான் போட்ட துணியை இனித் தன் மகள் போடக்கூடாது என்றுதான் அவர் திருப்பிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். வெளுக்கிறவன் மகள் என்பதற்காக ஒதுங்கி நிற்கிறவர்களை எனக்கு அந்த வயதிலேயே தெரியும். அந்தக் கவுனைத் தொடவே மாட்டேன் என்றேன். அம்மா விடவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அதைத்தான் போட வேண்டும் என்று விளக்குமாற்றை எடுத்தாள். எத்தனை கெஞ்சியும் காரணம் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் கண்ணெதிரே நாள்தோறும் அந்தக் கவுனில் போய் நின்றேன். அவள் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். என் அம்மாவைப்போல் கல்மனசுக்காரி உலகத்தில் இல்லை என்று நினைத்தேன்.

டிரஸரம்மா அன்று அப்பாவிடம் சொல்லியனுப்பியதை எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னாள். “இனி எம்மக இதப் போட்டா நான் சொன்னது பொய்யின்னு ஆயிடும். ஒங்க மக போடாட்டியும் அப்படித்தான். அந்த ஆளு ஊருல திரியிற மட்டும் இது அவ கவுனாவே இருக்கட்டும். சின்னதுகிட்டச் சொல்லாதீங்க, வாயில நிக்காது.”

தன் மகளிடம் அவர் சொல்லியிருக்கிறார். அது எனக்கு அப்போது தெரியாது.

நான் அந்தக் கவுனில் போய்க்கொண்டிருந்த நாட்களில் ஒரு காலை, பள்ளிக்கூடத்தில் எங்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பார்வையிட வந்த ஆபிசருக்குப் பின்னால் அந்தத் துபாஷி நடந்து வந்தான். என் முன்னால் வந்ததும் நின்றான். கவுனைப் பார்த்தான். பிறகு அடுத்த வரிசையில் அவளைத் தேடிப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் வரிசையைவிட்டு வந்தாள். என் பின்னால் மண்டியிட்டு, நான் கோணலாகக் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்து, அழகான வில்லாக இறுக்கிக் கட்டினாள். “பட்டை கோணலாத் தொங்கிச்சு, பாக்க மாட்டியா? ஒன் கவுன் அழுக்காயிரப் போவுது” என்று தமிழில் சொல்லிவிட்டு, அவனுக்கும் விளங்கும்படி அதையே மலாயில் உரக்கச் சொன்னாள். துபாஷி சிரித்துவிட்டு நகர்ந்து போனான்.

நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். எல்லார் முன்னாலும் என்னைக் குத்திக்காட்டத்தான் ‘ஒன் கவுன்’ என்கிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுதபடி எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா துவைகல்லில் உட்கார்ந்து ஈரக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டாள். என் மானம் போனதற்காக அழுகிறாள் என்றிருந்தேன். “நாளைக்கு நானும் அவளப் பதிலுக்குக் கேட்டுர்றேன், அழாதம்மா” என்று தேற்றினேன்.